வரலாற்று வட்டம்னா வருஷம் பூரா என்னதான் பண்றாங்க?

கேள்வி, ஏப்ரல் 18, காலை

இன்னைக்கு உலக மரபு நாளாம். எங்க பக்கத்து வரலாற்று வட்டக்காரங்க ஒரு கோயில் வாசல்ல பேனர் பிடிச்சுட்டு நிக்குற போட்டோ வந்திருக்கு. வருஷத்துக்கு ஒரு போட்டோ, ரெண்டு தடவை "அரிய கல்வெட்டு கண்டுபிடிப்பு"ன்னு பேப்பர் செய்தி. கல்வெட்டையெல்லாம் அரசாங்கமே எப்பவோ படிச்சு புக் போட்டாச்சே, மீதி நாள் இவங்க என்ன பண்றாங்க?

ஏப்ரல் 18, ராத்திரி 9.40

நான் வட தமிழ்நாட்டுல ஒரு வட்டத்துல 11 வருஷமா இருக்கேன், நாலு வருஷமா செயலாளர். அரசாங்கம் எல்லாத்தையும் படிச்சாச்சுன்னு சொல்றதே தப்பு. 1887-ல இருந்து கல்வெட்டு ஆண்டறிக்கை வருது, ஹுல்ஷ்ங்கிற ஜெர்மன் அறிஞர் காலத்துல ஆரம்பிச்ச வேலை, ரோடே இல்லாத ஊருக்கெல்லாம் போய் அவங்க எடுத்த மைப்படி (காகிதத்தைக் கல்லுல ஒட்டி மையால எடுக்கிற நகல்) ஆயிரக்கணக்குல இருக்கு, அந்த உழைப்பைக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா ஆண்டறிக்கையில நிறைய கல்வெட்டுக்கு ரெண்டு வரி சுருக்கம்தான் இருக்கும், முழுப் பாடம் அச்சுல வந்திருக்காது. அதுவும் அவங்க பெரும்பாலும் போனது கோயிலுக்கு. காட்டுல, வரப்புல, ஏரிக்கரையில நிக்குற கல்லுக்கு யார் போனா? செங்கம் பக்கத்து நடுகற்களை தொல்லியல் துறை ஊர் ஊராப் போய் பதிஞ்சு புத்தகமா போட்டது 1970-கள்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்"னு தமிழ் பிராமியில எழுதின நடுகல் கிடைச்சது 2006-ல. ஆகோள்னா மாடு கவர்ற சண்டை, தொல்காப்பியத்துல வர்ற அதே சொல்லு. அவ்வளவு பழைய கல்லு 2006 வரைக்கும் யாரும் படிக்காம கிடந்திருக்கு, அப்புறம் எப்படிங்க எல்லாம் படிச்சாச்சு?

ஏப்ரல் 19, காலை

ராத்திரி கோவத்துல எழுதினேன், கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லல.

எங்க வருஷத்தைத் தண்ணியும் பயிரும்தான் தீர்மானிக்கும். மே, ஜூன்ல ஏரி வத்தும், மதகுக் கல்லு, தூம்புக் கல்லெல்லாம் வெளிய தெரியும், அப்ப அங்க. ஆவணி வாக்குல ஆண்டுக் கூட்டம், கணக்கு. ஐப்பசி கார்த்திகை மழையில வெளிய போக முடியாது, வீட்டுக்குள்ள உக்காந்து ஸ்கேன் பண்றது, எடுத்துட்டு வந்ததைப் படிக்கிறது. தை பொறந்து அறுப்பு முடிஞ்சா நிலமெல்லாம் வெறிச்சுன்னு கிடக்கும், நடுகல் தேட அதை விட்டா வேற நேரம் கிடையாது. நடுவுல மாசாமாசம் மூணாவது ஞாயிறு கூட்டம், பத்துப் பேர் வந்தா நல்ல கூட்டம்.

இப்படிச் சொன்னா ஒண்ணும் புரியாது. நடக்க நடக்க எழுதுறேன்.

மே 21

ஏரிக்குப் போனோம். நடு ஏரியில ரெண்டு கல்தூண், குறுக்க பலகைக்கல்லு, குமிழித்தூம்பு, அதாவது ஏரித் தண்ணியை வெளிய விடுற பழைய காலத்து மதகு. ஆடு மேய்க்கிற பசங்க அதைக் கல் ஊஞ்சல்னு சொல்றாங்க. அடியில கல்தொட்டி, அதுல நீரோடித் துளைன்னு ஒண்ணு, அதுக்குக் கீழ சேறோடித் துளைன்னு ஒண்ணு, தண்ணி மேல்துளையில போகும், சேறு கீழ்துளை வழியா வெளிய போயிடும். ஏரி நிறைஞ்சிருக்கிறப்போ ஒரு ஆள் நீந்திப் போய் அடைப்பைத் தூக்கி விடணும். தூண்ல எழுத்து இருக்கு, இடுப்பு உயரத்துக்கு சேறு அப்பியிருக்கு, கழுவக் கழுவ ரெண்டு வரி வந்துச்சு, "தூம்பு செய்வித்தான்"னு முடியுது. செஞ்சவன் பேரு சேத்துக்குள்ள. தோண்டல. தோண்டுறது எங்க வேலை இல்ல, அதுக்கு அனுமதி இருக்கிறவங்க வேணும். இடத்தைக் குறிச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு, அளவு எடுத்துட்டு வந்தாச்சு.

ஜூன் 11

பெரிய நாள். ஒரு சின்ன சிவன் கோயில், அதிட்டானத்துல, அதாவது அடிப்பீடத்துல, ஆறு வரிக் கல்வெட்டு. மூணு மாசமா நிர்வாகத்துக்கிட்ட அனுமதி கேட்டு, நேத்துதான் எழுத்துல கிடைச்சது. மொத வரியோட ஆரம்பம் பிற்காலத்துல கட்டின மடப்பள்ளிச் செவுத்துக்குள்ள மாட்டியிருக்கு, வெளிய தெரியுறது "கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு ௰௪ ஆவது"ல இருந்து. நொந்தாவிளக்கு (அணையாம எரியுற விளக்கு) ஒண்ணு, அதுக்கு சாவா மூவாப் பேராடு தொண்ணூறு, கடைசிப் பக்கமா பன்மாஹேஸ்வரர் ரக்ஷை, சிவனடியார் எல்லாரும் இதைக் காக்கணும்னு. சாவா மூவாப் பேராடுன்னா சாகாத, கிழமாகாத ஆடு. 90 ஆட்டை ஒரு இடையன்கிட்ட விடுறது, அவன் நெய் அளக்கணும், செத்த ஆட்டுக்குப் பதிலா குட்டி வந்துடும், எண்ணிக்கை 90-லயே நிக்கணும். பரகேசரி 14-ம் ஆண்டு, சோழ ராஜா முதலாம் பராந்தகன், 907-ல பட்டத்துக்கு வந்தவர், அப்ப இது 920 வாக்குல. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி எரிஞ்ச விளக்கு. கை நடுங்குச்சு எனக்கு.

ஜூன் 12

மைப்படி எப்படி எடுக்குறதுன்னு கேட்டிருக்காங்க. மொதல்ல நார் பிரஷ்ஷால தண்ணி ஊத்தித் தேய்ச்சு எழுத்துக்குள்ள இருக்கிற அழுக்கை எடுக்கணும். இரும்பு பிரஷ் தொடவே கூடாது. தண்ணியை நல்லா இழுக்குற காகிதத்தை நனைச்சு கல்லு மேல ஒட்டி, நடுவுல இருந்து ஓரத்துக்குக் காத்தை வெளியேத்தி, அப்புறம் பிரஷ்ஷால தட்டணும், டப் டப்னு, காகிதம் எழுத்துக் குழிக்குள்ள இறங்குற வரைக்கும். வேகமாத் தட்டினா கிழிஞ்சிடும், மெதுவாத் தட்டினா இறங்காது. பாதி காஞ்சதும் துணிப்பந்துல மையைத் தொட்டு லேசா ஒத்தணும், கல்லோட மேல்பரப்பு கறுப்பாகும், எழுத்து வெள்ளையா எழுந்து வரும். மொத எழுத்து அப்படி வெளிய வர்ற அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் லீவு நாளெல்லாம் இதுலயே கழிக்கிறேன்.

மைதா மாவு பூசலாமா, சாக்பீஸால தீட்டலாமான்னும் கேட்டிருக்காங்க. வேணாம். மாவுக்குப் பூச்சி வரும். சாக்பீஸால தீட்டுறப்போ நாம இருக்குன்னு நினைக்கிற எழுத்தைத்தான் தீட்டுவோம், அடுத்து வர்றவர் நம்ம தப்பையே படிப்பார்.

ஜூன் 19

பேப்பர்ல வந்துடுச்சு. "முதலாம் பராந்தகன் கல்வெட்டு கண்டெடுப்பு". போட்டோல நானும் இருக்கேன்.

ஜூலை 2

நேத்து எங்களுக்குள்ள சண்டை. எங்க வட்டத்துல மூத்தவர் ஒருத்தர், தலைமையாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவர், எல்லாருக்கும் வாத்தியார். செய்தி கொடுக்கிறதுக்கு முன்னாடியே சொன்னார், "தம்பி, மொத வரி செவுத்துக்குள்ள இருக்கு, அதைப் பாக்காம ராஜா பேரைப் போடாத"ன்னு. நாங்க கேக்கல. இப்ப ஒரு ஆய்வு மாணவர் எழுதிக் கேட்டிருக்கார், பரகேசரின்னா பராந்தகன்தான்னு எப்படி முடிவு பண்ணீங்கன்னு.

நியாயமான கேள்வி. சோழ ராஜாக்கள் ராஜகேசரி, பரகேசரின்னு மாத்தி மாத்திப் பட்டம் வெச்சுப்பாங்க. பராந்தகன் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. பராந்தகன்னா கல்வெட்டுல பெரும்பாலும் "மதிரை கொண்ட கோப்பரகேசரி"ன்னு வரும் (மதுரை இல்ல, மதிரைன்னுதான் வெட்டியிருப்பாங்க). அந்த "மதிரை கொண்ட" இருக்க வேண்டிய இடம்தான் மடப்பள்ளிச் செவுத்துக்குள்ள இருக்கு. 14-ம் ஆண்டுன்னா ரெண்டு பேருக்குமே பொருந்தும். உத்தமனா இருந்தா 984 வாக்குல வந்துடும், அறுபது வருஷத்துக்கு மேல தள்ளிப் போகுது. எழுத்தமைதியை (எழுத்தோட வடிவத்தை) பாத்தா பராந்தகன் காலம்தான்னு எனக்குத் தோணுது, ஆனா தோணுறதை வெச்சு பேப்பருக்குச் செய்தி கொடுத்திருக்கக் கூடாது. ஜூன் 11 குறிப்புல ராஜா பேரை அடிச்சுட்டுப் படிங்க.

ஜூலை 3

வாத்தியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பத்திப் பேசவே இல்ல, மைப்படியை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுட்டு ஒரு மணி நேரம் பாத்துட்டே இருந்தார்.

ஆகஸ்ட் 20

ஆண்டுக் கூட்டம். 1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாலே சங்கம் பதியலாம், ஆனா வருஷா வருஷம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் கொடுக்காம விட்டா பேப்பர்ல சங்கம் செத்துடும். பொருளாளர் அக்கா ரெண்டு ராத்திரி உக்காந்து ரசீதெல்லாம் ஒட்டினாங்க. கண்டுபிடிப்புக்குக் கைதட்ட ஆள் இருக்கு, ரசீது ஒட்டுற வேலைக்கு யாரும் வர்றதில்ல, அந்த அக்கா இல்லன்னா நாங்க எப்பவோ கலைஞ்சிருப்போம்.

ஒரு தீர்மானம் போட்டோம்: வாசகத்தை ரெண்டு பேர் தனித்தனியா படிச்சு, ரெண்டும் ஒத்துப் போனாத்தான் வெளிய கொடுக்கிறது. வாத்தியார் மொதல்ல கை தூக்கினார்.

செப்டம்பர் 10

கிணறு வெட்டுற இடத்துல முதுமக்கள் தாழி வந்திருக்குன்னு சாயங்காலம் போன் வந்துச்சு, காலையில போறதுக்குள்ள உடைச்சுட்டாங்க, உள்ள தங்கம் இருக்கும்னு யாரோ கிளப்பி விட்டிருக்காங்க. உள்ள இருந்தது எலும்பும் கறுப்பு சிவப்புச் சட்டியும்தான். 1878 புதையல் சட்டம் இன்னும் இருக்குங்க, மண்ணுக்கடியில கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும்.  சொன்னா நிலத்தைப் புடுங்கிப்பாங்கன்னு பயம். அந்தப் பயத்தைப் போக்க இன்னும் நாங்க ஒண்ணும் செய்யல, அது எங்க குறைதான்.

அக்டோபர் 29

மழை. மூணு வாரமா ஸ்கேனர் முன்னாடி. 1980-ல கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) பதவியை எடுத்தப்போ ஒரு கர்ணம் குடும்பத்துல தங்கிப்போன பழைய பேப்பர் மூட்டை, பேரன் கொண்டு வந்து கொடுத்தார், அடுத்த வாரம் எரிக்கிறதா இருந்தாங்களாம். அடங்கல், இனாம் கணக்கு நகல், ரெண்டு மூணு ஓலை. ஓலையை ஸ்கேனர்ல அழுத்தக்கூடாது, உடைஞ்சிடும், லெமன் கிராஸ் எண்ணெய் தடவித் துடைச்சுட்டு மேல இருந்து கேமராவுல எடுக்கணும். அதுல ஒரு நிலத்துக்குப் பேரு "விளக்கெண்ணெய்ப் பட்டி"ன்னு இருக்கு. விளக்கு எரிக்க விட்ட நிலமா, ஆமணக்கு போட்ட நிலமா, ரெண்டு நாளா அதே பேச்சு, இன்னும் முடியல.

பேரு வைக்கிறதுதான் ஸ்கேன் பண்றதை விடப் பெரிய வேலை. ஐநூறு படத்தை எடுத்து ஃபைலுக்கு ஒழுங்காப் பேர் வைக்கலன்னா திரும்ப மூட்டையில போட்ட மாதிரிதான். மொத ரெண்டு வருஷம் நான் அப்படித்தான் வெச்சிருந்தேன், எந்த ஊர் கல்லுன்னு தெரியாத போட்டோ இன்னும் எழுபது எண்பது கிடக்கு. யாராவது புதுசா வட்டம் ஆரம்பிச்சா, கேமரா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க. ஊரு, இடம், நாள், யாரு காட்டினா, யாரு படிச்சா.

நவம்பர் 22

மரபு வாரம் (19-ல இருந்து 25 வரை). ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க முப்பது பேரை அந்தச் சின்னக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம். ஏன் படிக்கக் கஷ்டமா இருக்குன்னு சொல்லிக் கொடுத்தேன். கல்வெட்டுல புள்ளி வைக்க மாட்டாங்க, எ-க்கும் ஏ-க்கும் வித்தியாசம் இருக்காது, துணைக்காலும் ர-வும் ஒரே கோடு, அதனால "பேராடு"ன்னு நாம படிக்கிறது கல்லுல "பெரரடு"ன்னு நிக்கும், எது கால் எது ர-ன்னு நாமதான் பொருள் பாத்துப் பிரிக்கணும். பிள்ளைங்க ஆளாளுக்குப் பேரை அந்த எழுத்துல எழுதிப் பாத்து ஒரே சிரிப்பு.

ஒரு பொண்ணு மட்டும் கல்லுகிட்டயே நின்னு விரலை வெச்சுப் படிச்சுட்டு இருந்தா. "சார், யாண்டு யசு ஆவதுன்னு இருக்கு, யசுன்னா யாரு சார், ராணியா?" எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். தமிழ் எண்ணுல பத்து (௰) ய மாதிரி இருக்கும், நாலு (௪) ச மாதிரி இருக்கும், அதான் உனக்கு அப்படித் தெரியுதும்மான்னு விளக்கம் சொல்லி, பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டு வந்தாச்சு.

நவம்பர் 22, ராத்திரி 11.15

தூக்கம் வரல. அவ யச-ன்னு சொல்லல. யசு-ன்னு சொன்னா.

௪ ச மாதிரி இருக்கும். சு மாதிரி இருக்கிறது ௬. ஆறு.

நவம்பர் 23, ராத்திரி

பூசாரிகிட்ட சொல்லிட்டு இருட்டினப்புறம் போனோம், நானும் கல்லூரித் தம்பி ஒருத்தரும். டார்ச்சை நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, செவுத்தோட ஒட்டிப் பிடிச்சு பக்கவாட்டுல அடிக்கணும், அப்ப ஒவ்வொரு குழியிலயும் நிழல் விழும். ச-வுக்குக் கீழ ஒரு வால், வலது பக்கம் வளைஞ்சு மேல ஏறுது. அந்தக் குழியில பாதிக்கு மேல பழைய சுண்ணாம்பு இறுகிப் போயிருக்கு. அதனாலதான் மைப்படியில காகிதம் அதுக்குள்ள இறங்கல, நாங்க அஞ்சு மாசத்துக்கு மேல காகிதத்தையே பாத்துட்டு இருந்தோம், அந்தப் பொண்ணு கல்லைத் தொட்டுப் படிச்சிருக்கா.

௰௬. பதினாறு. பராந்தகனா இருந்தா 922 வாக்குல. உத்தமனையும் இன்னும் தள்ள முடியாது, சென்னை அருங்காட்சியகத்துல இருக்கிற அவரோட செப்பேடு 16-ம் ஆண்டுதான். ராஜா யாருன்னு தெரியல, போட்ட ஆண்டும் தப்பு. ஜூன் 11 குறிப்பையும் ஜூலை 2 குறிப்பையும் சேத்தே திருத்திக்கோங்க.

நவம்பர் 30

செய்தி போட்ட பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். வரல. திரும்ப அனுப்பியிருக்கேன்.

ஜனவரி 28

அறுப்பு முடிஞ்சு நிலம் வெறிச்சோடி இருக்கு. மூணு நடுகல். ஒண்ணு வேடியப்பன் சாமியா கும்பிடப்படுது, மஞ்சளும் எண்ணெயும் பூசி எழுத்தே தெரியல, ஆனா கும்பிடுறதாலதான் அந்தக் கல்லு இருக்கு, இன்னொண்ணு துணி துவைக்கிற கல்லாக் கிடக்கு, அதுல "தொறு மீட்டுப் பட்டான்"ல "தொறு" மட்டும்தான் மிச்சம். தொறுன்னா மாட்டு மந்தை. மந்தையை மீட்கப் போய்ச் செத்தவன்.

மூணாவதுல வீரன் பக்கத்துல பொண்ணு உருவம் இருந்ததால சதிக்கல்னு (புருஷனோட உடன்கட்டை ஏறினவளுக்கு வெச்ச கல்லு) நோட்டுல எழுதிட்டேன். அங்க களை வெட்டிட்டு இருந்த பாட்டி, "அது அவன் பொண்டாட்டி இல்ல சாமி, விசிறிக்கிட்டு மேல கூட்டிட்டுப் போறவ"ன்னு சொல்லுச்சு. கிட்டப் போய்ப் பாத்தா கையில கவரி. சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போற பொண்ணு, நடுகல்லுல வழக்கமா வர்ற உருவம்தான், எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான், அவசரத்துல பாக்கல. நோட்டுல அடிச்சு எழுதி, படிச்சவர்ங்கிற இடத்துல பாட்டி பேரைப் போட்டேன்.

பிப்ரவரி 18

அந்தச் சின்னக் கோயிலுக்குத் திருப்பணி ஆரம்பிக்குதுன்னு தகவல். வயித்தைக் கலக்குது. வேற ஒரு கோயில்ல நாலு வருஷம் முன்னாடி மணல் வீசிக் கல்லைச் சுத்தம் பண்ணாங்க, சாண்ட் பிளாஸ்டிங், தடை இருந்தும். ஒரே நாள்ல பதினெட்டு வரி சொரசொரன்னு ஆயிடுச்சு, தடவிப் பாத்தா உப்புத்தாள் மாதிரி இருந்துச்சு. அதோட மைப்படி எங்ககிட்ட இல்ல, அடுத்த மாசம் எடுக்கலாம்னு தள்ளிப் போட்டிருந்தோம்.

இந்தத் தடவை மொத நாளே போயிட்டோம். சண்டை போடல. ஸ்தபதிகிட்ட மைப்படியை விரிச்சுக் காட்டி, இந்த ஆறு வரியில உங்க கோயிலுக்கு விளக்கு வெச்சவங்க கதை இருக்குன்னு படிச்சுக் காமிச்சோம். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, வெறும் தண்ணியாலதான் கழுவுவோம்னு சொன்னார். கூடவே ஒண்ணு சொன்னார்: மடப்பள்ளிச் செவுரு இடியுது.

மார்ச் 24

செவுரு எடுத்தாச்சு. செங்கல் ஒட்ட உளியால கொத்தியிருக்காங்க, அந்தக் காலத்துலயே. ஸ்வஸ்திஸ்ரீங்கிற மங்கலச் சொல்லு கிரந்த எழுத்துல முழுசா இருக்கு, அதுக்கப்புறம் ரெண்டு எழுத்து போயிடுச்சு, அப்புறம் "ரை கொண்ட கோப்பரகேசரி".

ரை. லை இல்ல. "பாண்டியன் தலை கொண்ட"ன்னு போட்டுக்கிட்ட ரெண்டாம் ஆதித்தனும் பரகேசரிதான், அவரா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் திக்குனு ஆச்சு. லை-ன்னா அடியில வளையும், இது நேர்கோடா இறங்குது, முன்னாடி ஐகாரக் கொம்பு ரெண்டும் தெளிவா இருக்கு. போன எழுத்துக்கும் ரெண்டுக்குத்தான் இடம், அதுல "பாண்டியன் த" அடங்காது. ஆதித்தன் 16 வருஷம் ஆளவும் இல்ல. மதிரை கொண்ட கோப்பரகேசரி, முதலாம் பராந்தகன், 16-ம் ஆண்டு, 922 வாக்குல. பேப்பர்ல போட்ட ராஜா சரிதான், ஆனா அன்னைக்கு அதைச் சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்ல. ரெண்டு பேர் தனித்தனியா படிச்சோம், ஒத்துப் போச்சு.

மார்ச் 25

வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டுல இருக்கார், போன்ல படிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் "அந்தப் பொண்ணு பேரைப் பதிவேட்டுல ஏத்திட்டியா"ன்னார். ஏத்தியாச்சு, ஆண்டு படிச்சவர்னு தனியா. மே மாசம் ஏரிக்கு அவளும் வர்றா, அவங்க அம்மாகிட்டயும் கேட்டாச்சு.

ஆறாவது வரி கடைசியில "இவை"ன்னு ஆரம்பிச்சு ஒரு கையெழுத்து இருக்கு, பேரு இன்னும் பிடிபடல. நாளைக்குச் சாயங்கால வெயிலு சாய்வா விழுறப்போ திரும்பப் போறோம்.